நான் திருத்திக் கெடுத்த மூன்று கதைகள்

1. சனிக்கிழமை வந்த மெயில்

காலையில் கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டதும் அந்த மெயில் வந்திருந்தது. என் ஐடிக்கு வந்தாலும் எனக்கு எழுதியதல்ல. வாசலூர்பட்டி படகுத்துறை வாசலில் அன்னாசிப்பழம் விற்கும் ராமாயிக்கு எழுதியது. அவளுக்கு மெயில் ஐடி கிடையாது. எங்கள் தொழிலில் இது சகஜம். மனு அடிக்க வருகிறவரிடம் ஐடி இல்லையென்றால் எங்கள் ஐடியைப் போட்டு அனுப்பிவிட்டு, பதில் வந்ததும் போன் பண்ணிச் சொல்லிவிடுவோம்.

அனுப்பியவர் ஒரு சிற்றிதழின் ஆசிரியர். ஐந்தாறு வரிதான் எழுதியிருந்தார்.

"தங்கள் மூன்றாவது கதையும் கிடைத்தது. ஒரு பெண் ஏரியில் துவைத்த போர்வையை மடித்து வீட்டுக்கு எடுத்துப்போகிறாள். காய்ச்சலில் படுக்கிறாள். மழை பெய்து ஏரி நிறைகிறது. தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நாங்கள் கேட்பது அபத்தக் கதைகளும் மீயதார்த்தக் கதைகளும். இதில் நடக்க முடியாதது எதுவுமே நடக்கவில்லை. மன்னிக்கவும்."

இரண்டு தடவை படித்தேன். ராமாயி போர்வையைப் பற்றி எழுதவே இல்லை. கதைக்குள் போர்வையைக் கொண்டுவந்தது நான்.

2. என் தொழில் எப்படிப்பட்டது

என் பெயர் ஸ்டெல்லா. செம்மேட்டில் இருபத்தாறு வருடமாக டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். சமவெளிக்காரி. வீட்டுக்காரருக்கு மலையில் வாத்தியார் வேலை கிடைத்தபோது கூட வந்தேன். அவர் ரிடையர் ஆகிவிட்டார், நான் இன்னும் ஆகவில்லை. முதலில் டைப்ரைட்டர், அப்புறம் கம்ப்யூட்டர், இப்போது ஸ்கேனர், பிரிண்டர், லேமினேஷன் எல்லாம் உண்டு.

நான் அடித்த மனு 'விவரம் முரணாக உள்ளது' என்று திரும்பி வந்ததில்லை. அது எனக்குப் பெருமை. எப்படி வராமல் பார்த்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒருவர் வருவார்.

"ஏனுங்க, வயசு அறுவதுன்னு போடுங்க."

"ஆதார்ல அம்பத்திரண்டுன்னு இருக்குதுங்களே?"

"அது ஆதாருக்குங்க. எனக்கு அறுவதுங்க."

ஐம்பத்திரண்டு என்று அடித்துக் கையெழுத்து வாங்கி அனுப்புவேன். இன்னொருவரிடம் நிலத்துக்குக் கிழக்கே எல்லை என்னவென்று கேட்டேன். "சின்னானுங்க" என்றார்.

"சின்னானோட நிலமுங்களா?"

"இல்லீங்க, சின்னானேதான். எப்பப் பாத்தாலும் அங்கதான் உக்காந்திருப்பான்."

'கிழக்கே சின்னான் என்பவரது நிலம்' என்று அடித்தேன். அவரிடம் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். ஜனங்கள் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள், அதை ஆபீஸ் ஏற்றுக்கொள்கிற மாதிரி ஆக்கித் தருவதுதான் என் வேலை என்று நம்பினேன். இந்த நம்பிக்கை விரலுக்கு இறங்கிவிட்டால் அப்புறம் யோசிக்கவே வேண்டியதில்லை. கை பாட்டுக்குத் திருத்திக்கொண்டு போகும்.

3. ராமாயியின் நோட்டு

ராமாயி பெரக்கரை நாட்டுப் பெண்; மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள். வயது முப்பத்துச் சொச்சம். பிளஸ் டூ முடித்தவள். கொஞ்சம் குச்சிக்கிழங்கும் (மரவள்ளிதான்) மிளகும் இருக்கிறது. லீவு நாளென்றால் படகுத்துறையில் அன்னாசி. ஒரு நாள் நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"மனுவா, கண்ணு?"

"இல்லீங்க அக்கா. கதைங்க."

கூடவே ஒரு மெலிந்த புத்தகத்தை நீட்டினாள். யாரோ டூரிஸ்ட் பெஞ்சில் விட்டுப்போனதாம். சிற்றிதழ். பின்னட்டையில் அறிவிப்பு இருந்தது: நடக்க முடியாததை நடந்தது போலச் சொல்லும் கதைகள் வரவேற்கப்படுகின்றன, யூனிகோடில் தட்டச்சு செய்து மின்னஞ்சலில் அனுப்பவும், கையெழுத்துப் படி ஏற்கப்படாது.

"இதுல இருக்கற கதையெல்லாம் படிச்சனுங்க. ஒரு ஆளு தன் நெழலைக் கொண்டுபோயி அடகு வெக்கறானுங்க. அட, நம்ம மண்டைக்குள்ளயும் இப்படித்தான ஓடுதுன்னு தோணுச்சுங்க. அதான் எழுதிப் பாத்தேன்."

கூட வந்திருந்த அவள் புருஷன் பெரியசாமி சிரித்தான். "தண்ணியவே பாத்து உக்காந்து உக்காந்து புத்தியும் தண்ணியாப் போயிருச்சுங்க இவளுக்கு" என்றான். ராமாயி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண் முழுக்க என் கீபோர்டு மேல் இருந்தது.

முதல் கதையில் ஒருவன் குச்சிக்கிழங்குச் செடியைப் பிடுங்குகிறான். குழிக்குள் ஒரு ஆபீஸ். ஃபேன் ஓடுகிறது. மேஜைக்குப் பின்னால் இருப்பவர், கிழங்கைப் பிடுங்கக் கிழங்கிடம் கையெழுத்து வாங்கினாயா என்று கேட்கிறார். அவன் வரிசையில் நிற்கிறான். முன்னால் நிற்பவர்கள் எல்லாரும் கிழங்குகள். நான் அப்படியே அடித்துக்கொண்டு வந்தேன், கடைசி வரிக்குப் போனதும் மனசு கேட்கவில்லை. 'திடுக்கிட்டு விழித்தான், எல்லாம் கனவு' என்று சேர்த்தேன். அவளுக்கு உதவி செய்ததாகத்தான் நினைத்தேன்.

இரண்டாவது கதை பஸ்ஸைப் பற்றியது. மலையேறும் பஸ்ஸுக்கு ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே ஒரு பஸ் வருகிறது. அதே பஸ், அதே டிரைவர், அதே ஜனங்கள். யார் பின்னால் எடுப்பது என்று இரண்டு டிரைவரும் சண்டை போடுகிறார்கள். ஒருத்தி ஜன்னல் வழியாக எதிர் பஸ்ஸில் இருக்கும் தன்னையே பார்த்து, "உனக்கு எப்படி ஜன்னல் சீட்டு கெடச்சுது?" என்று கேட்கிறாள். ஒரே பஸ் எப்படி இரண்டாக வரும்? எதிரே வருவதைத் தனியார் பஸ் என்று மாற்றினேன். ஜன்னலில் இருப்பவளை அக்காள் ஆக்கினேன்.

இரண்டு தடவையும் நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, "பிரிண்ட் எடுத்துத் தாரேன், படிச்சுப் பாக்கறியா?" என்று கேட்டேன்.

"நீங்க அடிச்சா சரியாத்தானுங்க இருக்கும் அக்கா" என்றாள்.

இரண்டுக்கும் ஒரே பதில் வந்தது. 'தங்கள் படைப்பு தேர்வாகவில்லை.' காரணம் எழுதவில்லை. அதனால் எனக்கும் உறைக்கவில்லை.

மூன்றாவது கதையைக் கொண்டுவந்தபோது ராமாயி பெஞ்சில் உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னாள். "இதுவும் வரலீன்னா வுட்டர்றேனுங்க அக்கா. ஊட்லயும் சிரிக்கறாங்க. நமக்கு எழுத வரலைன்னு நெனச்சுக்கறேன்."

அதுதான் ஏரிக் கதை. அன்னாசி விற்கும் ஒருத்தி, சாயங்காலம் படகெல்லாம் கட்டினதும் ஏரியை நாலு மூலையிலும் பிடித்து எட்டாக மடிக்கிறாள். கூடையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறாள். மாமியார், "கூடை ஏன் ஒழுகுது?" என்று திட்டுகிறாள். காலையில் கொண்டுவந்து விரித்துப் போடுகிறாள். ஒரு நாள் காய்ச்சல், வர முடியவில்லை. டூரிஸ்ட்டுகள் வருகிறார்கள். வெறும் பள்ளம். டிக்கெட் வாங்குகிறார்கள், படகில் உட்காருகிறார்கள், மிதிக்கிறார்கள், இறங்கி, "சூப்பரா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அதற்கப்புறம் அவள் ஏரியைத் திருப்பிக் கொண்டுவரவே இல்லை.

'ஏரியை மடித்தாள்' என்ற இடத்தில் என் கை நின்றது. ஏரியை எப்படி மடிப்பது? 'ஏரியில் துவைத்த போர்வையை மடித்தாள்' என்று அடித்தேன். போர்வை வந்தபிறகு மற்றதையெல்லாம் அதற்குத் தகுந்தபடி மாற்ற வேண்டியிருந்தது. தண்ணீர் இல்லாமல் படகு எப்படிப் போகும் என்று முந்தின நாள் மழையையும் பெய்யவைத்தேன். அவள் பக்கத்தில் நின்று என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்கிரீன் என் பக்கம் திரும்பியிருந்தது.

4. நான் சொல்லாமல் விட்டது

அந்த சனிக்கிழமைக்கு வருகிறேன். மெயிலைப் படித்துவிட்டு ராமாயிக்குப் போன் போட்டேன்.

"மெயில் வந்துச்சு, கண்ணு."

"என்னங்க அக்கா சொல்லியிருக்காங்க?"

"எடுக்கலையாம்."

அந்தப் பக்கம் யாரோ, பழம் எவ்வளவு என்று கேட்பது கேட்டது.

"சரிங்க அக்கா. ஆளு நிக்குது, வெச்சர்றேனுங்க."

அவ்வளவுதான். ஏன் எடுக்கவில்லை என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். போர்வை என் வேலை என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும். முந்தின இரண்டும் ஏன் போயின என்பதும் தெரிந்துவிட்டது. ஆனாலும் வாய் வரவில்லை. இருபத்தாறு வருடப் பெயரை ஒரு அன்னாசிக்காரியிடம் ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. நன்றாக எழுதியிருந்தால் என் திருத்தத்தையும் மீறி வந்திருக்குமே என்றுகூட எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெட்கமில்லாத சமாதானம்.

ஞாயிறு போனது, திங்கள் போனது. வியாழக்கிழமை வேறொருவருடைய மனுவை அடிக்கும்போது 'மடித்து' என்ற வார்த்தை வந்தது. கை ஓடவில்லை. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வெளியே வந்தேன். வீட்டுக்குப் போகாமல் வாசலூர்பட்டி பஸ்ஸில் ஏறினேன். மெயில் வந்து எட்டு நாள் ஆகியிருந்தது.

5. வாசலூர்பட்டியில்

நல்ல கூட்டம். ராமாயி வழக்கமான இடத்தில் இருந்தாள். மலையில் பிளாஸ்டிக் தரக்கூடாது என்பதால் இங்கே பழத்தை வாழையிலைத் துண்டில் வைத்து, கை பிசுபிசுக்காமல் இருக்க வெளியே ஒரு தாளைச் சுற்றித் தருவார்கள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"வாங்க அக்கா! என்னங்க இந்தப் பக்கம்? பழம் சாப்பிடுங்க."

நாலு துண்டு நறுக்கி, உப்பும் மிளகாய்த் தூளும் தூவி என் கையில் கொடுத்தாள். தாளில் எழுத்து இருந்தது. அவள் கையெழுத்து. 'ரெண்டு பஸ்ஸுக்கும் கண்டக்டர் ஒருத்தர்தான். ஓடி ஓடி ரெண்டுலயும் விசில் கொடுத்தார்' என்றிருந்தது.

"என்ன ராமாயி இது? நோட்டைக் கிழிச்சுட்டியா?"

"வெச்சு என்னங்க பண்றது. பழத்துக்காவது ஆவட்டும்."

சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. கிழங்குக் கதைக்குக் கனவு போட்டது நான், எதிர் பஸ்ஸைத் தனியார் பஸ்ஸாக்கியது நான், ஏரியைப் போர்வையாக்கியது நான் என்று வரிசையாகச் சொன்னேன். அவள் ஒரு கையில் கத்தியும் மறு கையில் பாதி உரித்த பழமுமாக நின்று கேட்டாள்.

"அப்ப நான் எழுதுனத அவரு படிக்கவே இல்லீங்களா?"

"இல்ல, கண்ணு."

"மூணுமே?"

"மூணுமே."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. பழத்தைத் தட்டில் வைத்தாள். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே அக்கா. பக்கத்துலயேதான நின்னேன்" என்றாள். அவ்வளவு பேர் நடுவில் எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைக்கப் போய் மிளகாய்த் தூள் பட்டு இன்னும் எரிந்தது. அவள்தான் தண்ணீர் ஊற்றினாள்.

அப்புறம் நோட்டை எடுத்துப் பார்த்தோம். முன்பக்கத்திலிருந்து கிழித்துக்கொண்டு வந்திருக்கிறாள். கிழங்குக் கதை முழுசும் போய்விட்டது. பஸ் கதையில் என் கையிலிருந்த தாள்தான் கடைசி. ஏரிக் கதை மட்டும் பின்னால் இருந்ததால் தப்பித்தது. குப்பைக் கூடையைக் கவிழ்த்துத் தேடினோம். நாலு தாள் கிடைத்தது. சாறு ஊறி மை கரைந்து ஒரு எழுத்தும் புரியவில்லை.

"போன வாரம் வரைக்கும் நோட்டு முழுசா இருந்துச்சுங்க" என்றாள் ராமாயி. குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை.

6. ஏரி

மறுநாள் காலையில் கடைக்கு வந்தாள். ஸ்கிரீனை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். அவள் படிக்கப் படிக்க நான் அடித்தேன். 'ஏரியை நாலு மூலையிலும் பிடித்து எட்டாக மடித்தாள்' என்று அடித்தபோது என் கையை நானே கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. முடித்ததும் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். வரிசையில் நின்ற ஒருவர், "ஏனுங்க, இது எந்த ஆபீஸுக்குப் போற மனுங்க?" என்று கேட்டார்.

ஆசிரியருக்குத் தனியாக ஒரு கடிதம் அடித்தேன். வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியாது. அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் போட்டேன். பொருள்: தட்டச்சரின் தவறு குறித்து. 'மேற்படி மூன்று கதைகளிலும் எழுதியவருக்குத் தெரியாமல் நானே மாற்றங்கள் செய்தேன். இதில் அவர் மீது எந்தத் தவறும் இல்லை. மூன்றாவது கதையின் சரியான படியை இத்துடன் இணைத்துள்ளேன். பரிசீலிக்க வேண்டுகிறேன்.' கீழே கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்து அனுப்பினேன். என் தவறைப் பற்றி நானே அடித்த மனு அது ஒன்றுதான்.

பதில் வரக் கொஞ்ச நாள் ஆனது. ஏரிக் கதையை எடுத்துக்கொண்டதாக எழுதியிருந்தார். தண்ணீரில்லாத பள்ளத்தில் படகு மிதிக்கிற இடத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேறு கதை படிக்க முடியவில்லை என்றும் எழுதியிருந்தார். ராமாயிக்குப் போன் போட்டு முழு மெயிலையும், ஒரு வரி விடாமல், படித்தேன். அவள், "மறுக்கா படிங்க அக்கா" என்றாள். படித்தேன்.

இதழ் வந்த அன்று கடையிலேயே பிரித்தாள். சந்தோஷத்தில் குதிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நோட்டை ஒரு பக்கமும் இதழை ஒரு பக்கமும் வைத்து, விரலை வைத்து வரிவரியாக ஒத்துப் பார்த்தாள். முக்கால் மணி நேரம். வந்தவர்களை எல்லாம் நான் காத்திருக்கச் சொன்னேன். முடித்துவிட்டு, "ஒண்ணும் மாத்தலீங்க" என்றாள். அப்புறம்தான் சிரித்தாள். கூட வந்திருந்த பெரியசாமி இதழை வாங்கித் தன் பெண்டாட்டி பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "நெசமாவே போட்டுட்டானுங்களே!" என்றான்.

7. மிச்சமிருந்த இரண்டு ஃபைல்

இதழோடு ஒரு சீட்டும் இருந்தது. முந்தைய இரண்டு கதைகளின் அசலையும் அனுப்பினால் வெளியிட விருப்பம் என்று ஆசிரியர் எழுதியிருந்தார்.

அசல் இல்லை. என் கம்ப்யூட்டரில் நான் திருத்திய படிதான் இருக்கிறது. நான் சேர்த்ததை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்து இரண்டு பேரும் உட்கார்ந்தோம். கனவை எடுத்தேன். தனியார் பஸ்ஸை எடுத்தேன். அக்காளை எடுத்தேன். ஆனால் அங்கே நான் நினைவில்லாமல் தொட்ட இடங்கள் நிறைய. "இங்க இப்படி நான் எழுதலீங்களே" என்பாள். "என்ன எழுதியிருந்த?" என்றால் அவளுக்கும் வரவில்லை.

"மறுபடி எழுதேன், கண்ணு. கதைதான் தெரியுமே."

"தெரியுமுங்க. ஆனா இத ஒருக்காப் படிச்சுப்புட்டனுங்களே. இனி நான் எழுதுனாலும் நீங்க எழுதுனதுதான் வரும்."

ராமாயி ஸ்கிரீனில் தன் பெயரை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"அழிச்சிருங்க அக்கா. என் பேரைப் போட்டுக்கிட்டு எனக்குத் தெரியாத கதை ரெண்டு எதுக்குங்க?"

இரண்டையும் அழித்தேன். அவளே எட்டிப் பார்த்து, ரீசைக்கிள் பின்னிலும் இல்லையென்று உறுதி செய்துகொண்டாள். அதன் பிறகு எழுதுகிற கதைகளையும் என்னிடம்தான் கொண்டுவருகிறாள். ஆனால் ஸ்கிரீனைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளாமல் பெஞ்சில் உட்காருவதில்லை.

இப்போது கடை வைக்கிற பிள்ளைகளுக்கு நான் இரண்டு விஷயம் சொல்வேன். சொன்னதை அடியுங்கள், அடித்ததைப் படித்துக் காட்டுங்கள். இது முதலாவது. இதை யாரும் சொல்வார்கள். இரண்டாவதுதான் முக்கியம். தப்பு பண்ணினால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நான் கதைகளைக் கெடுத்தபோது நோட்டு பத்திரமாகத்தான் இருந்தது. வாயைத் திறக்காமல் இருந்த அந்த எட்டு நாளில்தான், ஒரு பெண் தனக்கு எழுத வரவில்லை என்று நம்பி, இரண்டு கதைகளைத் தன் கையாலேயே கிழித்துக் கொடுத்துவிட்டாள்.